ஒரே அணை, இரண்டு பொழி

ஜூன் 15, ஞாயிறு. புறப்படும் முன்

கோயம்புத்தூரிலிருந்து ஊருக்கு வந்து இறங்கிய இரவே நோட்டை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். ஐந்து நாள் லீவு, ஒரு பழைய ஆல்டோ, மனைவிக்குக் குமரி மாவட்டத்தைச் சுற்றிக் காட்டுவதாகக் கல்யாணம் ஆன நாளிலிருந்து சொல்லிவரும் வாக்கு. அவள் ஈரோட்டுக்காரி. எங்கள் ஊருக்கு வந்தால் கல்யாண வீடு, இல்லையென்றால் துஷ்டி வீடு, இவ்வளவுதான் இதுவரை பார்த்திருக்கிறாள்.

சூரிய உதயம், விவேகானந்தர் பாறை, வள்ளுவர் சிலை, புதிதாகப் போட்ட கண்ணாடிப் பாலம், சுசீந்திரம், பத்மநாபபுரம், திற்பரப்பு என்று வரிசையாக எழுதி முடித்திருந்தேன். பெரியப்பா கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார்.

"மக்கா, இது டூரிஸ்ட் வேன் கண்ணாடியில ஒட்டியிருப்பானே, அந்த லிஸ்டுல்லா?"

பெரியப்பா பொதுப்பணித்துறையில் லஸ்கராக இருந்து ஓய்வு பெற்றவர். லஸ்கர் என்றால் என்னவென்று கேட்பவர்களுக்கு: ஷட்டரை ஏற்றி இறக்குவது, சானல்கரையில் நடந்து உடைப்பு பார்ப்பது, ராத்திரியில் அடுத்தவன் மடையை அடைத்துவிட்டுத் தன் வயலுக்குத் திருப்புகிறவனிடம் சண்டைக்குப் போவது. முப்பத்தோரு வருடம் இதுதான் வேலை. வீடு பூதப்பாண்டி பக்கம். காலண்டர் தாளைக் கிழித்துப் பின்பக்கத்தில் ஒரு மரம்போல வரைந்தார். மேலே ஒரு தண்டு, கீழே போகப் போகக் கிளை.

"வெள்ளம் போற வழியே வண்டிய விடு. மாவட்டம் தன்னால தெரியும், கேட்டியா."

(எங்கள் பேச்சில் வெள்ளம் என்றால் தண்ணீர்.) யோசித்துப் பார்த்தால் சரிதான். இந்த மாவட்டம் மொத்தமே 1,700 சதுர கிலோமீட்டருக்குக் குறைவு. களியக்காவிளையிலிருந்து ஆரல்வாய்மொழிக்கு ஐம்பது சொச்சம் கிலோமீட்டர். நெடுஞ்சாலையில் போனால் ஜங்ஷன் ஜங்ஷனாகப் பார்த்துவிட்டு, எல்லா ஊரும் ஒன்றுபோல இருக்கிறது என்று வீட்டுக்கு வந்துவிடலாம். காடு, ரப்பர், வயல், கடல் எல்லாம் அந்த ரோட்டுக்கு இரண்டு பக்கமும் ஒளிந்து கிடக்கின்றன.

ஜூன் தொடக்கத்தில் கன்னிப்பூ என்கிற முதல்போக நெல் சாகுபடிக்காகப் பேச்சிப்பாறை அணையைத் திறப்பார்கள். இரண்டாம் போகமான கும்பப்பூ அறுப்புக்கு முன், பிப்ரவரி கடைசி வாக்கில் அடைப்பார்கள். திறந்து இரண்டு வாரம் ஆகிறது. "கடைவரம்புக்கு வெள்ளம் போயிருக்கணும். போயிருக்கான்னு பாத்துட்டு வருவோம்" என்றார். கடைவரம்பு என்றால் சானல் போய் முடிகிற கடைசி வயல். ஓய்வு பெற்று எத்தனை வருடம் ஆனாலும் கேள்வி அதுதான்.

ஜூன் 16, திங்கள். பேச்சிப்பாறை

காலை ஆறரைக்குக் கிளம்பினோம். சுருளகோடு தாண்டியதும் வெளிச்சம் குறைந்தது. மேகம் இல்லை, ரப்பர். நேர்வரிசையாக நட்ட மரங்கள், மேலே இலைக்கூரை, அடியில் பச்சை இருட்டு. ஒவ்வொரு மரமும் இடுப்பில் பிளாஸ்டிக் பாவாடை கட்டி நின்றது. மனைவி கண்ணாடியை இறக்கி, "மாமா, இதுக்கு எதுக்கு டிரஸ்?" என்று கேட்டாள்.

பெரியப்பா வண்டியை நிறுத்தச் சொன்னார். பால்வெட்டு முடிந்துபோன தோட்டம். பட்டையில் சாய்வாக, அரை வட்டமாக ஒரு கோடு. அதன் நுனியில் தகரக் குழாய். அதன் அடியில் சிரட்டை. ஒரு சொட்டுக்கும் அடுத்த சொட்டுக்கும் இடையில் ஒருவர் தன் பெயரைச் சொல்லி முடித்துவிடலாம், அவ்வளவு நிதானம். மழைத் தண்ணீர் மரத்தோடு வழிந்து வெட்டில் இறங்கினால் பால் கலைந்து சிரட்டைக்கு வெளியே போய்விடும். அதனால்தான் மழைக்காலத்தில் வெட்டுக்கு மேலே பிளாஸ்டிக்கைத் தாரால் ஒட்டிவிடுகிறார்கள். நேற்றைய வெட்டில் உறைந்து கிடந்த பாலை நகத்தால் கிளப்பி, ஒரு முழ நீளத்துக்கு உரித்து அவள் கையில் கொடுத்தார். ஒட்டுப்பால். இதற்குத் தனி விலை உண்டு. மணம் மட்டும் கேட்காதீர்கள். அதைத் தொட்ட கையோடு அவள் சாயா குடிக்க மறுத்துவிட்டாள்.

பேச்சிப்பாறை அணை 1897-இல் தொடங்கி 1906-இல் முடிந்தது. திருவிதாங்கூரில் மூலம் திருநாள் ராஜாவாக இருந்த காலம். கட்டிய இன்ஜினீயர் மிஞ்சின் அணைக்குப் பக்கத்திலேயே அடக்கமாகியிருக்கிறார். பெரியப்பா செருப்பைக் கழற்றிவிட்டுக் கல்லறைக்கு முன்னால் நின்றார். சாமி கும்பிடுகிற மாதிரி இல்லை. மேலதிகாரி வந்தால் நிற்பார்களே, அந்த மாதிரி.

நீர்த்தேக்கத்தின் அக்கரையில் காணிப் பழங்குடி மக்களின் குடியிருப்புகள் இருக்கின்றன. அங்கிருந்து ஒரு வள்ளம் வந்தது. இரண்டு மூட்டை நல்லமிளகு, ஒரு மட்டிப்பழக்குலை, பள்ளிக்கூடப் பையோடு ஒரு பெண். மட்டிப்பழம் விரல் கனம்கூட இருக்காது, ஆனால் மணத்தில் மற்ற வாழையெல்லாம் அதற்குக் கீழேதான். (கன்னியாகுமரி மட்டிக்குப் புவிசார் குறியீடு கிடைத்துவிட்டது. எங்கள் ஆச்சி உயிரோடிருந்தால், "இத சொல்லதுக்கு ஒரு ஆபீஸா?" என்று கேட்டிருப்பாள்.)

அணைக்குக் கீழே நின்றபோதுதான் காலண்டர் தாளில் இருந்த மரம் எனக்கு விளங்கியது. இந்தத் தண்ணீருக்கு இரண்டு வழி. ஆற்றோடு விட்டால் கோதையாறாகத் திற்பரப்பில் விழுந்து, பரளியாற்றோடு சேர்ந்து, குழித்துறை வழியாக மேற்கே தேங்காய்ப்பட்டணம் பொழியில், அதாவது முகத்துவாரத்தில், கடலில் கலக்கும். அது ஆறு தானாகப் போகிற வழி. இன்னொன்று மனிதன் இழுத்துக்கொண்டு போன வழி. இடதுகரைச் சானல் புத்தன் அணைக்குப் போகிறது. பெருஞ்சாணி அணைத் தண்ணீரும் அங்கே கூட, அதற்குக் கீழே பாண்டியன் கால் என்ற கால்வாய் வழியாகக் கிழக்கே நாஞ்சில் நாட்டுக்கு இறங்கி, தோவாளை, அனந்தனார், நாஞ்சில் நாடு புத்தனார் என்று கிளை பிரிந்து, மிச்சம் பழையாற்றில் சேர்ந்து மணக்குடி பொழியில் கலக்கிறது. இரண்டு பொழிக்கும் இடையே கரையோரமாகச் சுமார் நாற்பது கிலோமீட்டர். ஒரே அணைத் தண்ணீர்.

பாண்டியன் காலுக்குக் கதை உண்டு. பாண்டிய ராஜா ஒருவர் பாறையைக் குடைந்து இந்தப் பக்கத்துத் தண்ணீரை அந்தப் பக்கத்துக்குக் கொண்டுபோனார் என்பார்கள். ராஜா பெயரை ஆளுக்கு ஒன்றாகச் சொல்வார்கள். பெரியப்பா பெயரே சொல்வதில்லை, "வெட்டினவன் பேரு எவனுக்குத் தெரியும்" என்பதோடு சரி.

ஜூன் 17, செவ்வாய். மேற்கே, ஆற்றோடு

இன்று ஆறு போன வழி. திற்பரப்பில் கூட்டம். தண்ணீர் கலங்கி வந்ததால் ஓரமாகத்தான் குளிக்க விட்டார்கள். பத்து நிமிடம் நின்றுவிட்டு வந்துவிட்டோம்.

திருவட்டாறு வேறு கதை. ஆறு வட்டமடித்துப் போகிற மேட்டில் ஆதிகேசவப் பெருமாள் 22 அடி நீளத்துக்குப் படுத்திருக்கிறார். மூன்று வாசல் வழியாகத்தான் முழுதும் பார்க்க முடியும். 2022 ஜூலையில் நானூறு வருடத்துக்கும் மேலான இடைவெளிக்குப் பிறகு கும்பாபிஷேகம் நடந்தது. மனைவிக்குப் பெருமாளைவிட வெளிப் பிராகாரத்துத் தூண் வரிசையில் விளக்கேந்தி நிற்கும் சிலைகள் பிடித்திருந்தன. ஒவ்வொன்றாக முகம் பார்த்துக்கொண்டே வந்து, "இது எங்க சித்தி ஜாடை" என்று ஒன்றைத் தேர்ந்தெடுத்தாள். கோதையும் பரளியும் சேருகிற மூவாற்றுமுகம் அங்கிருந்து அதிக தூரமில்லை.

மாத்தூர் தொட்டிப்பாலத்தைப் படத்தில் பார்த்திருப்பீர்கள். பரளியாற்றுப் பள்ளத்தாக்குக்கு மேலே, 28 தூண்களில், 115 அடி உயரத்தில் ஒரு சானல் போகிறது. 1966-இல் முடித்தார்கள். படத்தில் தெரியாதது சத்தம். கீழே ஆறு பாறைகளில் விழுந்து இரைகிறது. மேலே உங்கள் இடுப்புக்குப் பக்கத்தில் தொட்டிக்குள் தண்ணீர் சத்தமே இல்லாமல் போகிறது. மேலே போகிறது சிற்றாறு பட்டணங்கால் சானல் தண்ணீர். கீழே போகிறது ஆறு. ஒன்றுக்கொன்று பேச்சுவார்த்தை இல்லை.

பாதி வழியில் மனைவிக்குத் தலை சுற்றியது. "கீழ பாக்காத மக்களே, வெள்ளத்தப் பாத்துட்டே நட" என்றார் பெரியப்பா. அந்த யோசனை வேலை செய்தது. தண்ணீர் போகிற வேகத்துக்கு நடந்தால் பயம் தெரியவில்லை என்றாள். அவரோ நடுவில் நின்று, சுவரில் கசிவு தெரிந்த இடத்தில் விரலை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அங்கிருந்து சானல்கரை வழியாகவே போகலாம் என்றது அவர்தான். ஒரு கிலோமீட்டர் நன்றாகப் போனது. அப்புறம் பாதை ஒற்றையடியானது. ஒரு பக்கம் சானல், மறுபக்கம் மரச்சீனி (மரவள்ளி) விளை. வண்டியைத் திருப்ப இடமில்லை. ரிவர்ஸிலேயே வரவேண்டியதாயிற்று. பெரியப்பா பின்னால் நடந்து, "வா, வா, வலத்த ஒடி, உள்ள போயிருவ லேய்" என்று கத்த, கல்லில் சைலன்சர் இடித்துத் தொங்கியது. ஜங்ஷனில் ஒரு மெக்கானிக் கம்பி வைத்துக் கட்டிக் கொடுத்துவிட்டுக் காசு வாங்க மறுத்தார். "லஸ்கர் வண்டியா, போட்டும்" என்றார். அவர் அப்பாவின் ஏலாவுக்குப் பெரியப்பா எப்போதோ தண்ணீர் விட்டிருக்கிறாராம்.

ஏலா என்றதும் நினைவுக்கு வருகிறது. இந்தப் பக்கத்தில் ஊர்ப்பெயரைப் படித்தாலே நிலம் தெரிந்துவிடும். விளவங்கோடு, மாங்கோடு, இடைக்கோடு என்று கோடு கோடாக வந்தால் மேடு பள்ளமான மேற்கு. விளை என்று முடிந்தால் தோட்ட பூமி. பள்ளத்தில் வயல் இருந்தால் அது ஏலா. கிழக்கே போனால் இறச்சகுளம், தாழக்குடி என்று குளமும் குடியும். வீடும் அப்படித்தான். நாஞ்சில் நாட்டில் தெரு உண்டு, சுவரோடு சுவர் ஒட்டி வீடுகள், திண்ணையில் உட்கார்ந்தால் நாலு வீட்டு வழக்கு காதில் விழும். இங்கே ஒவ்வொரு வீடும் தன் விளைக்கு நடுவில் தனியே நிற்கிறது. கிழக்கே தண்ணீர் சானலில் வருகிறது, ஒன்றாக இருந்தால்தான் வாங்க முடியும். மேற்கே மழையே வீடு தேடி வருகிறது. இது என் ஊகம்தான். பெரியப்பா கேட்டுவிட்டு ஒன்றும் சொல்லவில்லை, மறுக்கவும் இல்லை.

சாயங்காலம் தேங்காய்ப்பட்டணம். ஆற்றின் தவிட்டு நிறம் கடலுக்குள் ஒரு நாக்குபோல நீண்டிருந்தது. துறைமுகத்தில் விசைப்படகுகள் நெருக்கிக் கட்டிக் கிடந்தன. மேற்குக் கடலில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை மீன்பிடித் தடைக்காலம். கிழக்குக் கடலுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. ஒரே மாவட்டத்தில் இரண்டு தடை! கிழக்குக் கரையில் இருக்கும் சின்னமுட்டத்துக்காரர்களுக்கு மூன்று நாளைக்கு முன்தான் முடிந்தது, இவர்களுக்கு இப்போதுதான் தொடங்கியிருக்கிறது.

ஜூன் 18, புதன்

மழை. காலையில் வீட்டை விட்டு இறங்க முடியவில்லை. பெரியம்மா மரச்சீனிக்கிழங்கு அவித்து, சாளைக்கறி வைத்தாள். மூன்று பேரும் அளவு தெரியாமல் சாப்பிட்டோம்.

மதியத்துக்கு மேல் பத்மநாபபுரம் கொட்டாரம், அதாவது அரண்மனை. தமிழ்நாட்டுக்குள் இருந்தாலும் பராமரிப்பது கேரள அரசு. திருவிதாங்கூரின் தலைநகரம் 1795-இல் திருவனந்தபுரத்துக்குப் போய்விட்டது. 1956 நவம்பர் 1-இல் நாங்கள் தமிழ்நாட்டோடு சேர்ந்தோம். கொட்டாரம் மட்டும் இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. மழையில் பார்க்க வேண்டிய கட்டடம் அது. மந்திரசாலையின் மரச்சட்டங்களுக்கு இடையே சாரல் வாசனை மட்டும் உள்ளே வருகிறது, தண்ணீர் வருவதில்லை. கரித்த சிரட்டை, முட்டை வெள்ளைக்கரு, சுண்ணாம்பு சேர்த்துப் போட்டது என்று சொல்லும் கறுப்புத் தரையில் எங்கள் மூன்று பேரின் நிழலும் தலைகீழாக நடந்தது.

ஜூன் 19, வியாழன். கரையோரம்

குளச்சலில் டச்சுக்காரர்களை மார்த்தாண்டவர்மா படை தோற்கடித்த 1741-க்கு நினைவுத்தூண் நிற்கிறது. பார்த்தோம், அதன் நிழலில் இளநீர் குடித்தோம். பிடிபட்ட டச்சு அதிகாரி டிலனாய் பிறகு இந்த நாட்டுக்கே தளபதியானதையும், உதயகிரிக் கோட்டைக்குள் அவர் கல்லறை இருப்பதையும் சொன்னபோது, "எதிரிக்கே வேலை போட்டுக் குடுத்தாங்களா?" என்று மனைவி இரண்டு தடவை கேட்டாள்.

மணவாளக்குறிச்சியில்தான் நேரம் போனது. அலை வடிந்த இடத்தில் மணல் மூன்று நிறத்தில் அடுக்காக இருந்தது: கரி, செம்பு, நடுவில் மங்கலான தேன் நிறம். கையில் எடுத்தால் சாதா மணலைவிடக் கனம். இல்மனைட், கார்னெட், சிர்கான், மோனசைட். ஜெர்மனிக்குப் போன தேங்காய்நார்க் கயிற்றில் ஒட்டியிருந்த மணலில் மோனசைட் இருப்பதை ஒரு ஜெர்மன் வேதியியலாளர் கண்டுபிடித்தது 1909-இல். அதிலிருக்கும் தோரியம் அந்தக் காலத்துக் கேஸ்லைட் மேண்டிலுக்கு வேண்டியிருந்தது. நம் ஊர்த் தேங்காய் மட்டைதான் காட்டிக்கொடுத்திருக்கிறது. வழியெல்லாம் மணல் எடுக்கும் திட்டத்துக்கு எதிரான சுவரெழுத்துகள். கரையில் வலை பின்னிக்கொண்டிருந்த ஒரு பெரியவரிடம் கேட்டேன். "மண்ணு போனா கடலு வீட்டுக்குள்ள வரும். வேற என்ன சொல்லதுக்கு?" என்று குனிந்துகொண்டார்.

முட்டத்தில் செம்மண் மேடு கடலைத் தொடுகிற இடத்தில் காற்று நிற்க விடவில்லை. நாளைக்கு இதைவிடப் பெரிய காற்று இருக்கிறது என்றார் பெரியப்பா.

ஜூன் 20, வெள்ளி. கடைவரம்பு

தோவாளைப் பூச்சந்தைக்கு விடிவதற்குள் போய்விட்டோம். பிச்சிப்பூ மூட்டைகளைப் பிரிக்கும்போது சந்தை முழுக்க வாசம் ஒரு தடவை எழுந்து அடங்கும். தெருவுக்குள் ஒரு வீட்டில் மாணிக்கமாலை கட்டிக்கொண்டிருந்தார்கள். வெள்ளை அரளி, சிவப்பு அரளி, நொச்சி இலை. ஒவ்வொரு இதழையும் மடக்கி மடக்கி, கல் பதித்த பட்டைபோலத் தட்டையாக வருகிறது. 2025-இல் இதற்கும் புவிசார் குறியீடு வந்தது. கட்டுகிற அக்கா எங்களோடு பேசினாரே தவிர ஒரு தடவைகூடக் கையைப் பார்க்கவில்லை.

ஆரல்வாய்மொழி அங்கிருந்து எட்டிப்பிடிக்கும் தூரம். பூதப்பாண்டியில் தூறிக்கொண்டிருந்த மழை இங்கே இல்லவே இல்லை. ரோடு காய்ந்து கிடக்கிறது. பனை, உடைமரம், முப்பந்தல் வரை காற்றாலைகள். மேற்கே ஈரத்தை இறக்கிவிட்ட காற்று இரண்டு மலைக்கு நடுவில் இருக்கும் இந்தச் சந்து வழியாக வெறுங்கையோடு ஓடுகிறது. மனைவி கதவைத் திறந்தாள், கதவு அவள் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு போனது. கீல் வளைந்துவிட்டது. சைலன்சரோடு இதுவும் சேர்ந்தது.

பிறகு தேரூர். சுசீந்திரம், தேரூர்க் குளங்கள் 2022-இல் ஈரநிலங்களுக்கான சர்வதேச ராம்சார் பட்டியலில் சேர்ந்தவை. ஜூன் மாதம் வெளிநாட்டுப் பறவைகள் வரும் காலமில்லை, உள்ளூர் நாரையும் நீர்க்காகமும்தான். குளக்கரை வயல்களில் தொளியடித்து, டிராக்டருக்குப் பின்னால் கொக்குகள் ஓடிக்கொண்டிருந்தன. மணக்குடிப் பொழியில் பழையாறு ஆடாமல் அசையாமல் கடலில் போய்ச் சேர்ந்தது. தேங்காய்ப்பட்டணத்தில் பார்த்த தவிட்டு நிறம் இங்கே இல்லை. இத்தனை வயலும் குளமும் வடிகட்டிவிட்ட தண்ணீர்.

கடைசியாகக் கடைவரம்பு. அகஸ்தீஸ்வரம் பக்கம், எந்தச் சானலின் எந்த மடை என்று எழுதினால் பெரியப்பா கோபிப்பார். பக்கத்து மடைக்காரர்கள் படித்துவிட்டு வழக்குக்கு வருவார்களாம். பேச்சிப்பாறையில் ஆள் உயரத்துக்குப் பாய்ந்த தண்ணீர் இங்கே ஒரு முழ அகலத்தில், கணுக்கால் ஆழத்தில் வந்துகொண்டிருந்தது. வந்துகொண்டிருந்தது என்பதுதான் விஷயம். வரப்பில் நின்றவரிடம் பெரியப்பா கேட்டார்.

"வெள்ளம் எப்ப எட்டிச்சு?"

"முந்தாநாள் ராத்திரி."

விரல்விட்டு எண்ணினார். "நாங்க பன்னெண்டு நாளுல எட்ட வச்சிருவோம்."

"அப்ப சானல்ல இவ்வளவு குப்பை உண்டா அண்ணாச்சி?"

அதற்கு அவர் பதில் சொல்லவில்லை. மடை வாயில் பிளாஸ்டிக் பாட்டில்களும் ஆகாயத்தாமரையும் ஒரு துணிப்பையும் பின்னிக் கிடந்தன. வேட்டியை மடித்துக் கட்டி, அந்த மனிதரின் மம்பட்டியை வாங்கிக்கொண்டு இறங்கினார். எழுபது வயதில் எதற்கு என்று நான் இறங்கப் போனேன். "நீ சைலன்சரப் பாரு" என்றார். துணிப்பை கடைசியில்தான் வந்தது. பிடுங்கியதும் தேங்கியிருந்த தண்ணீர் ஒரே மூச்சில் சரிந்து மடைக்குள் போய், நாற்றங்கால் பக்கமாகத் திரும்பியது. வயல்காரர் ஓடிப்போய்த் தன் வரப்பை ஒரு வெட்டு வெட்டிவிட்டு வந்தார்.

மனைவி கரையில் உட்கார்ந்து மணி பார்த்தாள். ஐந்தே கால்.

"ஏங்க, அந்த வள்ளுவர் சிலை?"

"படகு நாலு மணியோட சரி."

பெரியப்பா தண்ணீருக்குள் நின்றபடியே, இன்னும் ஒரு பாட்டில் இருக்கிறது, அதை எடுத்துவிட்டு வருகிறேன் என்றார்.